செம்பை பெயரில் படிக்கும் பிள்ளைகளுக்கு

பாலக்காடு செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரியில் படிக்கும் மாணவ மாணவியருக்கு,

2022 ஜூலை 22 அன்று தில்லியில் 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். பின்னணிப் பாடகருக்கான விருது ராகுல் தேஷ்பாண்டேக்கு, ‘மீ வசந்த்ராவ்’ என்ற மராத்திப் படத்துக்காக. பின்னணிப் பாடகிக்கான விருது நஞ்சியம்மாவுக்கு, ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துக்காக. ராகுல் இந்துஸ்தானி இசையில் பேர் பெற்ற குடும்பத்துப் பிள்ளை. தாத்தா வசந்த்ராவ் தேஷ்பாண்டேயின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தில் தாத்தாவாகவே நடித்துப் பாடியவர். நஞ்சியம்மா உங்கள் மாவட்டத்துக்காரர். அட்டப்பாடி நக்குப்பதியில் ஆடு மேய்த்து வாழ்ந்த இருளர் சமூகத்துப் பெண்மணி. நடுவர்கள் தெரிந்தே இந்த இரண்டு பெயரையும் அடுத்தடுத்து எழுதினார்களா, தற்செயலா என்று நான் யோசித்ததுண்டு. எப்படியானாலும் நல்ல ஜோடி.

அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் ஒரு வாதம் கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். சின்ன வயதிலிருந்தே முறையாகப் பயின்று, இசைக்காகவே வாழ்பவர்களுக்கு இது அவமானம் இல்லையா என்று ஓர் இசைக் கலைஞர் கேட்டார். ஒரு சுருதியைக் கொடுத்தால் அதில் நின்று பாட இவரால் முடியுமா என்ற கேள்வியும் வந்தது. அல்போன்ஸ் ஜோசப் போன்ற இசையமைப்பாளர்கள் உடனே நஞ்சியம்மா பக்கம் பேசினார்கள். கொஞ்ச நாள் சத்தமாக இருந்தது, பிறகு எல்லாரும் வேறு வேலை பார்க்கப் போனார்கள். எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. முறையாகப் படிப்பவர்கள் என்றால் வேறு யார், நீங்கள்தானே? உங்கள் சார்பில் ஒருவர் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நீங்கள் வருத்தப்பட்டீர்களா என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் கேலி செய்யமாட்டேன். சரளி வரிசையில் தொடங்கி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று ஏறி, ஒரு வர்ணத்தை இரண்டு காலத்திலும் தடுமாறாமல் பாட எத்தனை விடியற்காலைகள் போகின்றன என்பது படித்தவருக்குத்தான் தெரியும். அவ்வளவும் முடித்தபின் சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்குக்கூட நேரம் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலை எப்போது வருமென்று தெரியாது. அதனால்தான் உற்சவ காலத்துக் கானமேளாவுக்குப் போகிறீர்கள். இந்தக் கவலையோடு படிப்பவருக்கு, படிக்காதவர் ஒருவர் பரிசு வாங்கினால் சுருக்கென்று இருக்கத்தான் செய்யும். ஆனால் நஞ்சியம்மா படிக்காதவர் என்று முடிவு கட்டியது யார்? அங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது.

அவர் எங்கே படித்தார் என்று சொல்வதற்கு முன்னால், அவர் ஊரில் பாட்டு என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

மண்ணார்க்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முக்காலி தாண்டினால் அட்டப்பாடி. அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்து. மேற்கே சைலன்ட் வேலியின் ஈரக்காடு. கிழக்கே ஆனைக்கட்டியை நெருங்க நெருங்க மழை குறைந்து, கோயம்புத்தூர்ச் சீமையின் வறண்ட காற்று அடிக்கத் தொடங்கும். பவானி இங்கே கிழக்கு நோக்கி ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றுதான். ஒன்று வயநாட்டுக் கபினி. மற்ற இரண்டில் ஒன்று உங்கள் பாலக்காட்டுப் பவானி, இன்னொன்று இடுக்கியில் மறையூர்ப் பக்கம் ஓடும் பாம்பாறு. இரண்டும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகின்றன. அந்த ஆற்றங்கரை மக்களின் பேச்சும் பாட்டும் அப்படித்தான், எல்லைக் கல்லைப் பார்த்து நின்றதில்லை.

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என்று மூன்று பழங்குடிச் சமூகங்கள். ஒவ்வொரு ஊருக்கும் மூப்பன் உண்டு. அவருக்குத் துணையாகக் குறுதலை, பண்டாரி, மண்ணுக்காரன். மண்ணுக்காரன் மண்ணின் குணம் தெரிந்தவர். விதைப்பை அவர்தான் தொடங்கி வைக்க வேண்டும். ராகி, சாமை, துவரை எல்லாம் கலந்து விதைக்கிற அந்த விவசாயத்துக்குக் கம்பளம் என்று ஒரு சடங்கு இருக்கிறது. விதைப்பு நாளில் ஊர் முழுதும் காட்டில் இறங்கும். வாத்தியக்காரர்கள் முழக்குவார்கள், அந்தத் தாளத்துக்கு விதை விழும், மண் கொத்தப்படும். பெறை, தவில், கொகல், ஜால்ரா ஆகிய நான்கும்தான் அவர்கள் வாத்தியம். பெறையும் தவிலும் தோல், கொகல் ஊதுவது. தாளம் இல்லாமல் அந்த வேலை ஓடாது. பாட்டு அங்கே ஒரு கைமுதல்.

சாவு வீட்டிலும் இதே வாத்தியம், இதே ஆட்டம். கல்யாணத்துக்கும் உண்டு, மல்லீஸ்வரன் முடி என்ற மலையுச்சியை நோக்கிக் கும்பிடும் சிவராத்திரிக்கும் உண்டு. வட்டமாக ஆடும் கூட்டத்தில் பாடகர் என்று தனி ஆள் கிடையாது, ரசிகர் என்று தனி ஆளும் கிடையாது. குரல் உள்ளவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர் ஏற்றுப் பாடுவார்கள். ஒரு வரி நின்றுபோனால் அந்த இடத்திலேயே வரி கட்டத் தெரிந்தவர் முன்னால் வருவார். இடையே வேடிக்கை காட்டிச் சிரிக்க வைக்கவும் ஆள் வேண்டும். இத்தனையும் ஒருவரிடமே இருந்தால் அவரை எல்லா ஊரும் கூப்பிடும். நஞ்சியம்மா அப்படிப்பட்டவர். பாடுவார், பாட்டுக் கட்டுவார், ஆடுவார். கேமரா முன்னால் நிறுத்தியபோது நடித்தும் காட்டினார். பழனிசாமி நடத்திய ஆசாத் கலாசமிதிக் குழுவோடு பல ஆண்டுகள் மேடை ஏறியவர். சினிமாக்காரர்கள் மலையில் கண்டெடுத்த பாட்டி என்று பத்திரிகைகள் எழுதின. கண்டெடுக்கும் முன்பே அவர் தொழில் தெரிந்த கலைஞர்.

இது பயிற்சி இல்லையென்றால் எது பயிற்சி? நம் பெரியவர்கள் குருகுலவாசம் என்று பெருமையாகச் சொல்வது எதை? குருவின் வீட்டிலேயே கிடந்து, அவர் பாடுவதையும் பேசுவதையும் கோபிப்பதையும் கேட்டுக்கேட்டுப் பாட்டு உடம்பில் ஏறுவதை. அட்டப்பாடியில் ஊரே அந்த வீடு. பாடத்திட்டம் எழுதப்படவில்லை, தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. தப்பாகப் பாடினால் ஆட்டம் தடுக்கும், ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிடக் கடுமையான தேர்வாளர் உண்டா என்ன?

சுருதியில் நிற்பாரா என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை. தம்புராவோ பெட்டியோ வைத்துக் கட்டை நிர்ணயித்துக்கொள்வது நம் வழக்கம். கூடப் பாடுகிற பத்துப் பேரின் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்வது அவர்கள் வழக்கம். இரண்டும் இரண்டு வித்தை. ஒன்றைத் தெரிந்தவர் மற்றதைத் தெரியாமல் இருக்கலாம். உங்களில் நன்றாகப் பாடுகிறவர் ஒருவர் அந்த வட்டத்துக்குள் நின்று, ஆடிக்கொண்டே மூச்சு வாங்காமல் அரை மணி நேரம் பாடிப் பார்க்கட்டும். பிறகு பேசுவோம்.

படத்தில் அவர் பாடிய ‘கலக்காத்த’ என்ற பாட்டை எழுதியவரும் நஞ்சியம்மாவே. படத்திலும் பாடலாசிரியர் என்று அவர் பெயரைத்தான் போட்டார்கள். அவர் குரலைச் சுற்றித் தாளக்கட்டு அமைத்தவர் இசையமைப்பாளர் ஜேக்ஸ் பிஜாய். பூத்து நிற்கும் சந்தன மரம், அந்தப் பூவைப் பறிக்கப் போகிற ஆசை, வானத்தில் போகும் விமானத்தைப் பார்க்கிற ஆசை எல்லாம் ஒரே பாட்டில் வருகின்றன. குழந்தைக்கு வேடிக்கை காட்டும் தாயின் பாட்டு. தமிழ் தெரிந்தவர் காது கொடுத்தால் முக்கால்வாசி விளங்கிவிடும். சிலருக்கு அந்த விமானம் உறுத்துகிறது. பழங்குடிப் பாட்டில் காடும் தேனும் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. கோயம்புத்தூர் விமான நிலையம் எவ்வளவு தூரம்? தலைக்கு மேலே போவதைப் பாட்டில் வைக்கிறார், அவ்வளவுதான். உயிரோடு இருக்கிற பாட்டு அப்படித்தான் புதுசை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

படம் 2020 பிப்ரவரி 7-இல் வந்தது. அப்போது நம் கைபேசிகளில் அதிகம் சுற்றிய துணுக்கு எது தெரியுமா? படத்தின் கதாநாயகர்களான பிருத்விராஜையும் பிஜு மேனனையும் இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை என்ற வேடிக்கை. எல்லாரும் சிரித்துப் பகிர்ந்தோம். அவருக்கு இவர்களைத் தெரியாததைப் பார்த்து வியந்த கூட்டத்தில், அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் அவரைத் தமக்கும் தெரியாமல் போனதை நினைத்து வியந்தவர் எத்தனை பேரோ.

அட்டப்பாடி என்ற பெயர் அதற்கு முன்பு வெளியுலகத்துக்கு எப்படி அறிமுகம்? 2013-இல் பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது. தாய்மாருக்கு ரத்தசோகை, நிலம் கைவிட்டுப் போனதால் ராகியும் சாமையும் தட்டிலிருந்து போனது என்று காரணங்கள் எழுதப்பட்டன. பிறகு 2018 பிப்ரவரியில், அரிசி திருடியதாகச் சொல்லி மது என்ற பழங்குடி இளைஞரை முக்காலியில் அடித்துக் கொன்றபோது. மூன்றாவதாகத்தான் பாட்டு வந்தது. அந்த மலையில் கள்ளச்சாராயத்தை எதிர்த்துப் பெண்கள் தாய்க்குல சங்கம் என்று அமைப்பு வைத்துப் போராடியது மட்டும் பெரிதாக அறியப்படவில்லை. நல்ல சேதிக்குக் கால் மெதுவாகத்தான் நடக்கும்.

படத்தின் இயக்குநர் சச்சி 2020 ஜூன் 18-இல் இறந்துபோனார். சிறந்த இயக்குநர் விருது அவருக்கு மறைவுக்குப் பிறகே கிடைத்தது. 2022 செப்டம்பர் 30 அன்று, பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த முதல் குடியரசுத் தலைவரான திரௌபதி முர்முவின் கையால் நஞ்சியம்மா விருது வாங்கியபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பார்த்த யாருக்கும் மனம் நிறைந்திருக்கும். ஆனால் தம் குடும்ப நிலம் பிறர் கைக்குப் போய்விட்டது என்று அவர் எழுப்பிய புகாரும் அந்த ஆண்டுதான் பத்திரிகைகளில் பேசப்பட்டது. பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், போனதை மீட்டுக் கொடுக்கவும் கேரளம் 1975-இலேயே சட்டம் போட்டது. 1999-இல் அதை மாற்றி இன்னொரு சட்டம் வந்தது. மீட்பு என்ற பேச்சு அதில் வெகுவாக நீர்த்துப்போனது. எழுந்து நின்று கைதட்டிய நாடு இந்தச் சட்டத்தைப் பற்றி உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் இசை மாணவர்களிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கம்பளத்துக்குக் காடு வேண்டும். காடு போனால் விதைப்பு போகும், விதைப்பு போனால் அந்தத் தாளம் மேடையில் ஐந்து நிமிட நிகழ்ச்சியாகத்தான் மிஞ்சும்.

இப்போது உங்கள் கல்லூரிப் பெயருக்கு வருகிறேன். செம்பை வைத்தியநாத பாகவதர் 1896-இல் பிறந்தார், கோட்டாயிக்குப் பக்கத்தில் உள்ள செம்பை கிராமத்தைச் சேர்ந்தவர். 1951-இல் சங்கீத கலாநிதி, 1973-இல் பத்மபூஷண். அவருடைய வெண்கலக் குரலைப் பற்றி உங்கள் ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு சில விஷயங்கள். பாலக்காடு மணி என்ற சின்னப் பையனைத் தம் கச்சேரிக்கு மிருதங்கம் வாசிக்க வைத்து சென்னைக்குக் காட்டியவர் அவர். பக்கவாத்தியக்காரர் நன்றாக வாசித்தால் மேடையிலேயே சபாஷ் போட்டுத் தூக்கிவிடுவார். தன்னைவிட அவருக்குக் கைதட்டல் அதிகமாகிவிடுமே என்று கணக்குப் பார்க்காத மனுஷர். ஃபோர்ட் கொச்சிக் கிறிஸ்தவக் குடும்பத்து யேசுதாஸைச் சீடராக ஏற்றுச் சொல்லிக்கொடுத்தார். பாடிச் சம்பாதித்ததில் குருவாயூரப்பனுக்குப் போனது எவ்வளவு என்பதை இன்றும் அந்தப் பக்கத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். 1974 அக்டோபர் 16 அன்று ஒற்றப்பாலம் பூழிக்குன்று கிருஷ்ணன் கோயிலில் கச்சேரி செய்தார். முடிந்த சற்று நேரத்தில் சீடரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அவர் முதல் கச்சேரி செய்ததும் அதே கோயிலில்தான். இன்றும் ஏகாதசி சமயத்தில் செம்பை கிராமத்திலிருந்து அவருடைய தம்புராவை ஊர்வலமாகக் குருவாயூருக்கு எடுத்துப் போகிறார்கள்.

சென்னை சபாக்களின் உச்சியில் இருந்தவர், கடைசி வரை கிராமத்துக் கோயில் கூப்பிட்டால் வந்து பாடினார். ஊருக்குத் தேவைப்படும்போது பாட்டோடு வந்து நிற்பதைக் கலைஞனின் கடமை என்று நினைத்த ஆள். நஞ்சியம்மாவை அவர் முன்னால் உட்கார வைத்திருந்தால் சபாஷ் என்றிருப்பார் என்பது என் ஊகம், மறுப்பவர்கள் மறுக்கட்டும். இருவருக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. கோட்டாயியிலிருந்து சென்னைக்கு ஏற செம்பைக்கு உறவும் சபாவும் அக்கிரகாரமும் ஏணியாக இருந்தன. நக்குப்பதிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு சினிமா இயக்குநர் மலை ஏறி வர வேண்டியிருந்தது. எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனையும் சித்தூரில் பிறந்த பி.லீலாவையும் தமிழ் சினிமா தன் பிள்ளைகளாகவே எடுத்துக்கொண்டது. அதே மாவட்டத்து மலையில் பாடியவர்கள் அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டி வந்தது.

தெற்கே, இடுக்கியிலும் இதே கதைதான். கட்டப்பனைக்குப் பக்கத்தில் கோவில்மலை இருக்கிறது. மன்னான் சமூகத்தின் அரசர் இன்றும் அங்கே இருக்கிறார். அவர்களுடைய அறுவடைத் திருவிழாவான காலாவூட்டில் மன்னான் கூத்து நடக்கும். கூத்தின் கதை என்ன தெரியுமா? கோவலன், கண்ணகி. சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குமுளி வழியாக ஜீப்பில் ஏறி நெரிசலில் சிக்கும் தமிழர்கள், சிலப்பதிகாரக் கதையைப் பாடி ஆடும் ஒரு சமூகம் அதே மாவட்டத்தில் இருப்பதைப் பெரும்பாலும் அறிந்ததில்லை. நானே இதைப் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். மறையூர்ப் பக்கத்து முதுவர்களுக்கும் தங்கள் பாட்டும் ஆட்டமும் உண்டு. அஞ்சுநாட்டுத் தமிழ் ஊர்களுக்கும் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. உங்களுக்கு அருகிலேயே பொறாட்டு நாடகம் இருக்கிறது. வண்ணானும் வண்ணாத்தியும் குறவனும் குறத்தியும் மேடைக்கு வந்து, கேள்வி கேட்பவரோடு மல்லுக்கு நிற்க, தமிழும் மலையாளமும் கலந்து பாட்டும் சிரிப்புமாக விடியும். பகலில் வயலில் கூலி வேலை பார்த்தவர்தான் ராத்திரியில் குறத்தி வேடம் கட்டுவார்.

சரி, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும்?

முதலாவது, உங்களில் சிலர் நாளைக்கு ஃப்யூஷன் குழு ஆரம்பிப்பீர்கள். அட்டப்பாடிப் பாட்டு ஒன்றைக் கிடாரோடு சேர்த்துப் பாடி யூடியூபில் போடுவீர்கள். போடுங்கள். ஆனால் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று பொதுப்பெயர் போட்டு முடிக்காதீர்கள். எந்த ஊர்ப் பாட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று எழுதுங்கள். வருமானம் வந்தால் பங்கு அனுப்புங்கள். ஒரு வணிகப் படத்தால் பாடலாசிரியர் என்று நஞ்சியம்மா பெயரைப் போட முடிந்தது. இசை படித்தவர்கள் அதற்குக் குறைவாகச் செய்யலாமா?

இரண்டாவது, உங்கள் கல்லூரி விழாவுக்கு அட்டப்பாடிக் குழுவை அழைத்தால் தொடக்க விழாவில் விருந்தினர்களை வரவேற்க வாசலில் ஆட விடாதீர்கள். அமைச்சர் காரிலிருந்து இறங்கும்போது பின்னணியில் பெறை முழங்குவதை நான் பல மேடைகளில் பார்த்துச் சலித்துவிட்டேன். பிரதானக் கச்சேரிக்கு என்ன நேரமோ அதைக் கொடுங்கள், மைக்கை அதே அக்கறையோடு வையுங்கள், சன்மானமும் அதே அளவில் இருக்கட்டும். முடிந்தால் உங்கள் மிருதங்க மாணவர்களை அவர்கள் தவில்காரரோடு உட்கார வைத்து, அந்தத் தாளத்தை எப்படி எண்ணுகிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். எண்ணுவதே இல்லை என்று அவர் சொல்லக்கூடும். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

மூன்றாவது உங்களுக்கு நேரடி லாபம் உள்ளது. அங்கே போங்கள். பாலக்காட்டிலிருந்து மண்ணார்க்காடு போய் ஆனைக்கட்டிப் பேருந்தைப் பிடித்தால் அட்டப்பாடி முழுவதையும் குறுக்காகக் கடக்கும். விருது வாங்கியவரோடு செல்ஃபி எடுக்க அல்ல. அவருக்கு அந்தத் தொந்தரவு ஏற்கெனவே போதுமானது. ஏதாவது ஓர் ஊரில் மூப்பனிடம் முறையாகக் கேட்டு, கம்பளமோ வேறு விசேஷமோ இருக்கும் நாளில், வேலையில் கை கொடுத்துக்கொண்டு இருங்கள். முதல் நாளே போனை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள். ஏற்றுப் பாடச் சொன்னால் பாடுங்கள். வர்ணம் பாடும் உங்கள் தொண்டைக்கு ஒரு கெடுதலும் வராது.

பெண் பிள்ளைகள் தனியாகக் கிளம்ப வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். உங்கள் வகுப்பிலோ பக்கத்து வகுப்பிலோ அட்டப்பாடியிலிருந்து வந்த தம்பி, தங்கை யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் அவர்கள் கூட்டிப் போகட்டும். இல்லையென்றால், ஏன் இல்லை என்று உங்கள் முதல்வரிடம் கேளுங்கள். சேர்க்கைக்கு வரும் பிள்ளையிடம் நீங்கள் என்ன பாடச் சொல்கிறீர்கள், அங்கே ஓர் இருளர் வீட்டுப் பெண் தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடினால் மார்க் போட ஏற்பாடு இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ரசிகன்